அச்சடித்த ஓலைக்குக் கீழே

எங்கள் ஊர் ஆண்கள் வீட்டில் குடிக்க மாட்டார்கள். அதை ஒரு பெருமையாகவே சொல்வார்கள். பூஜை அறை இருக்கிற வீடு, பெரியவர்கள் படம் மாட்டியிருக்கிற வீடு, பெண் பிள்ளைகள் நடமாடுகிற வீடு என்று காரணம் அடுக்குவார்கள். அதனால் சாயங்காலம் ஏழு மணி ஆகிவிட்டால் சிவகாசியிலிருந்து வரிசையாகக் கார்கள் வெளியே கிளம்பும். சிலர் சாலையோரம் வண்டியை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருப்பார்கள். சிலர் மதுரை வரைக்கும் போய் லாட்ஜில் அறை எடுப்பார்கள். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. அங்கே மோட்டார் ரூம் இருக்கும். என் வீட்டுக்காரருக்கு ஆமத்தூர் பக்கம் தோட்டம் இருக்கிறது.

தோட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கொஞ்சம் தென்னை, கொஞ்சம் கொய்யா, ஒரு கிணறு. மோட்டார் ரூமில் ஒரு கயிற்றுக் கட்டிலும் கால் ஆடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகளும் கிடக்கும். கிரீஸ் நாற்றமும் கொசுவும் தாங்காது. அந்த இடத்துக்குப் போவதற்காக இந்த மனிதர் தினமும் சாயங்காலம் இரண்டாவது தடவை குளிப்பார், பவுடர் போடுவார், வெளுத்த வேட்டி கட்டுவார். எனக்கு அந்த மோட்டார் ரூம் மேல் சக்களத்தி மேல் வருகிற கோபம்தான் வரும்.

போகும்போது "கேட்டப் பூட்டிக்கோ" என்பார். வரும்போது பாக்கு மணக்க வருவார். போட்டதைச் சாப்பிடுவார், படுத்துவிடுவார். அடிதடி கிடையாது, சத்தம் கிடையாது, ஒரு நாளும் என்னைக் குறைவாக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. "நீ குடுத்து வச்சவ" என்று என் அண்ணி வாய்க்கு வாய் சொல்வாள். அவள் சொல்வது பொய் இல்லை என்பதால் எனக்கு யாரிடமும் குறை சொல்லவும் வழியில்லாமல் போயிற்று.

எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். அவள் இருந்தவரைக்கும் சாயங்காலம் என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகுதான் ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் எவ்வளவு பெரிய பொட்டல் கிடக்கிறது என்று தெரிந்தது. டிவி பார்க்கலாம். ஆனால் அதில் வருகிற மாமியார்களைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, "பொங்கிராத, இரு, இந்தா வந்துட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாலிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தபோது சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகையும் வந்தது.

போன வருஷம் அவருக்குக் கண்ணில் புரை ஆரம்பித்தது. எதிரே வருகிற வண்டி வெளிச்சத்தில் ஒன்றுமே தெரியவில்லை என்று டாக்டரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. தோட்டத்திலிருந்து வரும்போது வாய்க்கால் பாலத்துக் கட்டையில் காரை உரசிக்கொண்டு வந்தார். கேட்டதற்கு, "நாய் குறுக்க வந்திருச்சு" என்றார். அந்த நாயை நான் இன்றைக்கும் நம்பவில்லை. அதோடு போவது நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மகள் போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். அவள் தோழி வீட்டில் சும்மா கிடந்த ஓர் அறையைப் பாராக மாற்றியிருந்தார்கள். சாதாரண பார் இல்லை. சுவரெல்லாம் மூங்கில், கூரையில் காய்ந்த ஓலை, மூலைக்கு மூலை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற மரப் பொம்மைகள், கிளிப்பச்சையிலும் ஆரஞ்சிலும் விளக்குகள். கண்ணாடித் தம்ளரில் அன்னாசித் துண்டைச் செருகி, அதன் மேல் குட்டிக் காகிதக் குடை வைத்திருந்தார்கள். அதற்கு டிக்கி பார் என்று பெயராம். எங்கேயோ நடுக்கடலில் இருக்கிற தீவுக் குடிசை மாதிரி அமெரிக்காக்காரர்கள் கற்பனை பண்ணிக் கட்டிக்கொள்வது என்றாள்.

அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குத் தீவு தெரியவில்லை. ஓலையும் மூங்கிலுமாக ஒரு தோட்டம்தான் தெரிந்தது. இவருக்குத் தோட்டம்தானே வேண்டும், தோட்டத்தை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பார்க்கவும் சாராயக்கடை மாதிரி இராது. யாராவது கேட்டால் தோட்டத்து ரூம் என்று சொல்லிக்கொள்ளலாம். அறையும் கையில் இருந்தது. மகள் படித்து வளர்ந்த அறை, கூடத்தை ஒட்டியது; தீபாவளி சீசனில் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ் அடுக்குவதற்கு மட்டும் திறந்துகொண்டிருந்தோம்.

மகளிடம் சொன்னதும், "அம்மா, ஒனக்கென்ன கிறுக்கா? அப்பா வீட்ல குடிக்கணும்னு நீயே ஆசப்படுறியா?" என்று கத்தினாள்.

"குடிக்கணும்னு யாரு சொன்னா? வீட்ல இருக்கணும்" என்றேன்.

"சரி, ரூம்ல இருக்க, ஸ்கூல்ல நான் ஜெயிச்ச கப்ப மட்டும் பத்திரமா எடுத்து வையி" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

நான் பிறந்தது லேபிள் அச்சடிக்கிற வீடு. பட்டாசுப் பெட்டி மேல் ஒட்டுகிற படங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். கடைவாசலில் நின்று பார்த்தால் நம் பெட்டிதான் முதலில் கண்ணில் அடிக்க வேண்டும் என்பதுதான் எங்கள் வீட்டில் எனக்குச் சொல்லித்தந்த ஒரே ஓவியப் பாடம். மஞ்சள் பக்கத்தில் சிவப்பு, சிவப்புக்குக் கரை கறுப்பு. இப்போது அந்தப் புத்தியெல்லாம் திரும்பி வந்தது. அச்சில் கழிந்த தாள்களின் பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். அதில் அறையை வரைந்தேன். இங்கே மேசை, இங்கே விளக்கு, இங்கே உட்காருவதற்கு உயரமான இரண்டு ஸ்டூல். இரண்டுக்கு மேல் வரையவில்லை. ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

நான் குடிக்கப் போவதில்லை. எனக்குப் பன்னீர் சோடா போதும். பக்கத்தில் உட்கார்ந்து இன்றைக்கு என்ன ஆயிற்று, நாளைக்கு என்ன சோலி என்று கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம். கல்யாணமான புதிதில் தாயில்பட்டியில் வாடகை வீட்டில் இருந்தபோது அப்படித்தான் இருந்தோம். அப்போது அவர் வேறொருவர் பட்டாசுக் கம்பெனியில் மேனேஜர். சொந்த கம்பெனி வந்தது, இந்தப் பெரிய வீடு வந்தது, அப்புறம் தோட்டம் வந்தது.

வேலைக்கு வந்த ஆசாரி என் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "யக்கா, இது கள்ளுக்கடையா கோயிலா? சொல்லிட்டீகன்னா அதுக்குத் தக்கன செஞ்சுருவேன்" என்றார்.

"ரெண்டும் இல்ல. ஒங்க மொதலாளி உக்கார்ற எடம்."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு மூங்கிலை அறுக்க ஆரம்பித்தார். என்ன சரி என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

பல் கடிக்கிற மரமுகம் ஒன்று, போன் மூலமாகவே ஆர்டர் போட்டதில் வந்து சேர்ந்தது. நீள மூஞ்சி, பிதுங்கிய கண், பல் தெரிய விரிந்த உதடு. சுவரில் மாட்டிவிட்டுத் திரும்பினால், வீட்டு வேலைக்கு வருகிற அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நின்றாள். "இது எந்த ஊரு சாமிக்கா? இம்புட்டுக் கோவமா இருக்கு" என்றாள். சாமி இல்லை, பொம்மை என்று சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் அதன் நெற்றியில் குங்குமம், தலையில் செவ்வரளிப் பூ. துடைத்துவிட்டேன். அதற்கு மறுநாளும் பொட்டு இருந்தது. "கண்ணு தெறந்திருக்க மூஞ்சிக்குப் பொட்டு வைக்காம விட்டா வீட்டுக்கு ஆகாதுக்கா" என்று அவள் என்னைத்தான் அதட்டினாள். விட்டுவிட்டேன்.

குட்டிக் குடைகள் என் தம்பி பிரஸ்ஸில் தயாராயின. அவன்தான் இப்போது எங்கள் அப்பா வைத்த பிரஸ்ஸைப் பார்த்துக்கொள்கிறான். கழிவுத்தாளை டை என்கிற வெட்டச்சில் வைத்து வட்ட வட்டமாக வெட்டிக்கொடுத்தான். அதனால் ஒரு குடையில் மயிலின் பாதிக் கழுத்து இருக்கும், ஒரு குடையில் யாரோ ஒரு பெண்ணின் ஒற்றைக் கண், இன்னொன்றில் புஸ்வாணத்தின் பொறி. அவற்றைப் பல்குச்சியில் ஒட்டிக்கொண்டு சாயங்காலங்களைக் கழித்தேன். பொய் சொல்லக்கூடாது, அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். அவர் போகட்டும், சீக்கிரம் போகட்டும், நான் வேலையை முடிக்க வேண்டும் என்றுகூட நினைத்திருக்கிறேன்.

அவர் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குள் மூங்கில் போகிறது, ஓலை போகிறது, ஆசாரி வருகிறார். "என்ன வேல நடக்கு?" என்று ஒரு தடவை கேட்டார். "ரூம ஒதுங்க வைக்கிறேன்" என்றேன். "சரி" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பகலெல்லாம் கம்பெனி, ராத்திரி தோட்டம். வீட்டில் ஓர் அறை முழுசாக உருமாறிக்கொண்டிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை.

எல்லாம் முடிந்த அன்று, அவர் வேட்டி கட்டிக்கொண்டு வெளியே வரும்போது வழியை மறித்தேன். "ஒரு நிமிசம் இங்கன வாங்க" என்று கூட்டிக்கொண்டு போய் விளக்கைப் போட்டேன்.

அவர் மரமுகத்தைப் பார்க்கவில்லை. மூங்கில் மேசையைப் பார்க்கவில்லை. நிமிர்ந்து கூரையைத்தான் பார்த்தார். அதே நொடி ஒரு எட்டு பின்னால் வைத்து நிலைக்கு வெளியே போய்விட்டார்.

"ஓலையா? காஞ்ச ஓலையா போட்ருக்க?"

"மொடஞ்ச தென்னங்கிடுகுதான். அழகா இருக்குல்ல?"

"மேல கரண்டு ஒயரு போகுது, கீழ காஞ்ச ஓல. இருக்கது ஒரே வாசல். நீ பட்டாசுக்காரன் பொண்டாட்டிதான?"

எனக்குச் சுரீர் என்றது. கோபத்தால் இல்லை. அவர் சொன்னது அவ்வளவும் சரி. கம்பெனியில் ஒரு அறையில் இத்தனை பேர்தான் இருக்கலாம், வாசல் இத்தனை, ஓடுவதற்குத் தடையாக ஒரு வாளிகூடக் குறுக்கே இருக்கக்கூடாது என்று வாழ்கிற மனிதர். கல்யாண மண்டபத்துக்குப் போனால்கூடக் கதவோரமாகத்தான் உட்காருவார். ஹோட்டலில் அறை எடுத்தால் முதலில் படிக்கட்டு எங்கே என்று பார்ப்பார். இவரைப் போய் ஓலைக்குக் கீழே உட்கார வைக்கப் பார்த்தேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. அன்றைக்கும் தோட்டத்துக்குத்தான் போனார்.

மறுநாள் ஆசாரியை வைத்துக் கிடுகைப் பிரித்தேன். மேலே வெறும் கான்கிரீட் பல்லைக் காட்டியது. அறையே மொட்டையடித்த மாதிரி ஆகிவிட்டது. நான் விடுவதாக இல்லை. பிரித்ததில் நல்லதாக ஒரு கிடுகை எடுத்து ஆட்டோவில் வைத்துக்கொண்டு தம்பி பிரஸ்ஸுக்குப் போனேன்.

"எலே, இத எனக்கு அச்சடிச்சுக் குடு" என்றேன்.

"எதையக்கா?"

"இந்த ஓலையத்தான். கூரை முழுக்க ஒட்டணும்."

அவன் சிரித்தான். ஆனால் சிரித்துக்கொண்டே போனில் கூப்பிட்டு போட்டோ எடுக்கிறவரை வரச்சொல்லிவிட்டான். எங்கள் ஊரில் எதை அச்சடிக்கக் கேட்டாலும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு நாளில் ஷீட் ஷீட்டாக ஓலை வந்து இறங்கியது. சீக்கிரம் தீப்பிடிக்காத ஷீட் என்றான் தம்பி; தண்ணீர் தெளித்தால் வழிகிற வழவழப்பு. ஒரே கிடுகின் படம் என்பதால், அதில் நுனி ஒடிந்த ஒரு கீற்று இருந்ததே, அது கூரை முழுக்க வரிசையாக ஒடிந்திருந்தது. நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராமல் ரெஜிஸ்டர் கொஞ்சம் விலகி, ஒவ்வொரு கீற்றுக்கும் ஓரத்தில் ஊதா நிறத்தில் ஒரு நிழல் விழுந்திருந்தது. தம்பி வருத்தப்பட்டான். எனக்கு அதுதான் பிடித்தது.

மறுபடி அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஸ்டூல் மேல் ஏறி, கூரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நாலு மூலையையும் தட்டிப் பார்த்தார். ஒயரையெல்லாம் குழாய்க்குள் விட்டிருக்கிறதா என்று கேட்டார். அப்புறம் கீழே இறங்கி, வாசலுக்கு நேராக இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார். அன்றைக்குக் காரை எடுக்கவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்படிக்குப் போய், நிலக்கடலையை வெங்காயம் போட்டுத் தாளித்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஏலே, வீட்டுக்கு வாங்கலே. ஆமா, வீட்டுக்குத்தான். வந்து பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் சாத்தூரில் தீப்பெட்டி கம்பெனி வைத்திருப்பவர், ஒருவர் விருதுநகரில் எண்ணெய் வியாபாரம், இன்னொருவர் இவருக்குப் பங்காளி முறை. தோட்டத்தில் கூடுகிற கூட்டம் இதுதான். என்னைப் பார்த்ததும் நெளிந்தார்கள். உள்ளே போய் விளக்கைப் பார்த்ததும் நெளிவெல்லாம் போய்விட்டது. "மதினி, சினிமா செட்டு மாதிரி இருக்கு" என்று சாத்தூர்க்காரர் கத்தினார். இவருக்கு ஒரே பெருமை. "அம்புட்டும் அவ வரஞ்சதுதான்" என்று அவர்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இரண்டு ஸ்டூல் போதாது என்று மொட்டைமாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்துப் போட்டார்கள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார்கள். கோழிச் சுக்கா, அவித்த முட்டை, வறுத்த நெத்திலி என்று நான் செய்து கதவைத் தட்டுவேன். கதவு கொஞ்சமாகத் திறக்கும், ஒரு கை வந்து தட்டை வாங்கிக்கொள்ளும். அந்தச் சந்தில் பார்த்தால், மரமுகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி மாட்டியிருப்பார்கள். பொட்டு வைத்த சாமி பார்க்கக் குடிக்கக் கூடாதாம். வேலைக்கார அக்கா காலையில் வந்து அதை நேராகத் திருப்பிப் பூ வைப்பாள். நான் கொடுத்த குடைகளை அவர்கள் காது குடைய வைத்துக்கொண்டார்கள் என்று பிறகு கூட்டும்போது தெரிந்தது.

மகள் போனில், "என்னம்மா, ஒன் திட்டம் சக்ஸஸா?" என்று கேட்டாள். அப்பா வீட்டில்தான் இருக்கிறார் என்றேன். அது உண்மைதான். கார் ஷெட்டில் நின்றது. வாய்க்கால் பாலத்தை நினைத்து நான் கேட் பக்கமே பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஆனால் முன்பெல்லாம் அவர் பத்து மைல் தள்ளி இருந்தார், இப்போது ஒரு சுவர் தள்ளி இருந்தார். பத்து மைல் தள்ளி இருந்தபோது அவர் சிரிப்பது எனக்குக் கேட்காது. இப்போது கேட்டது.

நான் கல்யாணம் பண்ணியிருந்தது ஒரு வாயாடியை என்று எனக்கு அந்தச் சுவர் வழியாகத்தான் தெரிந்தது. ஆட்கள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுவார். ஆய்வுக்கு வந்த அதிகாரி எப்படி மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தார், வடநாட்டு வியாபாரி தமிழில் எப்படித் திட்டினார் என்று நடித்தே காட்டுவார் போலிருக்கிறது. மற்றவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். கூடத்து சோபாவில் தனியாக உட்கார்ந்து நானும் சிரிப்பேன். சிரித்து முடித்ததும் பொறாமையில் நெஞ்சு எரியும். எனக்கு அந்த மனிதரைத் தரவே இல்லையே என்று இருக்கும்.

அப்படி ஒரு நாள்தான் அவர் தாயில்பட்டிக் கதையைச் சொன்னார். பேச்சு பழைய விபத்துகளைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தது. இவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்ததால் நான் டிவியை அணைத்துவிட்டேன்.

"பக்கத்துக் கம்பெனில சத்தம். எங்களுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா தரையே தூக்கிப் போட்டுச்சு. எல்லாரும் காட்டப் பாத்து ஓடுறான், நான் மட்டும் ரோட்டோட ஓடுறேன். செருப்பு எங்கன கழண்டுச்சுன்னு தெரியல. எங்க ஓடுறேன்னும் தெரியல. வீட்டு வாசல்ல வந்துதாம்லே நின்னேன். அவ அங்கிட்டுத் திரும்பிக்கிட்டு கொடியில துணி காயப்போடுறா. ஈரத் துணிய ஒதறுறா, அந்தச் சத்தத்துக்கு எனக்கு ஒடம்பு ஆடுது. அவ முதுகத்தான் பாத்தேன். பாத்துக்கிட்டே நின்னேன். அப்பறந்தான் மூச்சு வந்துச்சு."

"கூப்புடலியா?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்க கூப்புட? அழுதுக்கிட்டுல்ல நின்னேன். அப்படியே திரும்பி நடந்து கம்பெனிக்குப் போயிட்டேன்."

அப்புறம் சாத்தூர்க்காரர், "பொண்டாட்டி முதுகப் பாத்து உசுரு பொழச்சவன் நீ ஒருத்தன்தாம்லே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார்.

எனக்கு அந்த நாள் மங்கலாக நினைவிருக்கிறது. அந்தப் பக்கம் வெடித்துப் பார்க்கிற சத்தம் கேட்காத நாள் கிடையாது, அதனால் அந்தச் சத்தத்தையும் நான் பெரிதாக நினைத்திருக்க மாட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் அவர் செருப்பில்லாமல் வந்தார். அறுந்து போச்சு என்றார். யாருக்கும் உயிர்ச் சேதம் இல்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். நான் திரும்பிப் பார்த்திருக்கலாமே, ஒரு துணி குறைவாகத் துவைத்திருந்தால் அந்த நேரம் வாசல் பக்கம் வந்திருப்பேனே என்று சோபாவில் உட்கார்ந்து என்னென்னவோ நினைத்தேன். அழுதேன். அது துக்கம் இல்லை. இத்தனை வருஷமும் யாராவது என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று நான் காத்திருந்த விஷயம் அது. அதை அவர் அந்த மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.

தீபாவளி நெருங்கியது. சீசன் சூடு பிடித்ததும் அவரவர் லோடு ஏற்றுவதில் மும்முரமாகிவிட்டார்கள், வரவில்லை. அப்படி யாரும் வராத ஒரு சாயங்காலம், அன்றைய லோடு முடிந்து வந்த அவர் மட்டும் உள்ளே போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் புடவையை மாற்றிக்கொண்டேன். எதற்கு மாற்றினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நேராக உள்ளே போய், எனக்கென்று நான் வரைந்து வைத்திருந்த ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தேன்.

அவர் தம்ளரை மேசைக்கு அடியில் வைத்தார். "என்ன, யாரும் வந்திருக்காகளா?"

"யாரும் வரல. நாந்தான் வந்திருக்கேன்."

"ஏதும் வேணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். சும்மா ஒங்க கூட உக்காரலாம்னு."

"உக்காரு, உக்காரு" என்றார். சொல்லிக்கொண்டே எழுந்து நின்றுவிட்டார். வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"நீங்க ஏன் எந்திரிச்சீக?"

"இல்ல... நீ வந்து எதுக்க உக்காந்தா ஒரு மாதிரி இருக்கு. எங்கம்மா வந்து உக்காந்த மாதிரி இருக்கு."

மனம் நோகச் சொல்லவில்லை. உண்மையான மரியாதையோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கும்பிடுகிற மனிதரை என்ன செய்வது? எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் இவ்வளவு மூங்கிலை நான் சும்மா அறுக்க வைக்கவில்லை. "சரி, அப்ப எனக்கு ஒரு சோடா போட்டுக் குடுங்க" என்றேன்.

அவருக்கு அது பிடித்துவிட்டது. செய்வதற்கு ஒரு வேலை கிடைத்த நிம்மதி முகத்தில் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் போனார். எலுமிச்சம்பழத்தை அறுத்தார், விதையை ஒவ்வொன்றாக எடுத்தார், உப்பா சர்க்கரையா என்று கேட்டார். அந்த மயில் கழுத்துக் குடையைத் தேடி எடுத்து வைத்து என் முன்னால் தள்ளினார். கை வேலையாக இருந்ததால் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. இதுதான் நேரம் என்று தோன்றியது.

"தாயில்பட்டில இருக்கப்ப ஒரு நா செருப்பில்லாம வந்தீகளே. அன்னைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன்.

அவர் கத்தியைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அதுவா? பக்கத்துக் கம்பெனில ஒரு சின்ன சத்தம். எல்லாரும் வெளிய வந்து நின்னோம். ஆளுகள எண்ணிப் பாத்தோம், எல்லாரும் இருந்தாக. திரும்ப உள்ள போயி வேலையப் பாத்தோம்."

"ஓடலியா?"

"எதுக்கு ஓடணும்? நமக்குத்தான் ஒண்ணும் ஆகலயே."

"நம்ம வீட்டுப் பக்கம் ஏதும் வந்தீகளா?"

என்னை ஒரு தடவை பார்த்தார். உடனே எலுமிச்சைத் தோலைக் கூட்டி அள்ள ஆரம்பித்தார். "வீட்டுக்கு எதுக்கு? கம்பெனில சோலி கெடந்துச்சு."

அவர்களுக்குச் சொன்ன கதையில் நான் கொடியருகே நின்றிருந்தேன். எனக்குச் சொன்னதில் வீடும் இல்லை, கொடியும் இல்லை, நானும் இல்லை. பொய் சொல்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் வெட்கப்பட்டு மறுபடி காரை எடுத்துவிடுவார் என்று பயமாக இருந்தது. சோடாவைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன்.

"உப்பு சரியா இருக்கா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கு."

"இன்னொண்ணு போடட்டா?"

"போடுங்க" என்றேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து இன்னொரு பழம் தேடினார். அவர் திரும்பும்வரைக்கும் நான் அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.